‘கிட்ட வந்து நின்னுடுச்சு!’: சுழல் ஆட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

காசு போட்டால் படங்கள் சுழன்று, ஒரே படம் வரிசையாக வந்து நின்றால் பரிசு தரும் ஸ்லாட் மெஷின் என்கிற சுழல் இயந்திரத்தை நேரில் பார்க்க வேண்டுமானால் கோவாவுக்கோ சிக்கிமுக்கோ போக வேண்டும். அதன் மூளை மட்டும் டிக்கெட் எடுக்காமலே சேலத்துக்கு வந்து செல்போனுக்குள் உட்கார்ந்துவிட்டது. ‘பழம் சுத்துற கேம்’ பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெயர்களை எடுத்துவிட்டோம், ஊரை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம்.

என் வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறையில் பத்த வைக்கிறவர். ராத்திரி சாப்பிட்டு ஒன்பது மணிக்குப் போனை எடுத்தால் ஒரு மணி வரைக்கும் பழம் சுத்துற கேம்தான். கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. ஜெயித்தாலும் முகத்தில் சிரிப்பில்லை. இது பணத்தாசையா, வேறு ஏதாவதா?
— வாசகி, சிவதாபுரம்

ஜெயித்தாலும் சிரிப்பில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. பணத்துக்காகவே ஆடுகிறவர் ஜெயித்ததும் எழுந்துவிடுவார். இந்த ஆட்டத்தில் மூழ்கியவருக்கு ஜெயித்த பணம் இன்னும் கொஞ்ச நேரம் ஆடுவதற்கான எரிபொருள், அவ்வளவுதான். லாஸ் வேகாஸில் பல வருடம் சூதாடிகளோடு பழகி ஆராய்ந்த மானுடவியலாளர் நடாஷா ஷல் இந்த நிலையைப் பதிவு செய்திருக்கிறார். நேரம், பசி, பக்கத்தில் இருக்கும் ஆள், கடன் எல்லாம் மங்கிப்போய்த் திரை மட்டும் மிஞ்சும் ஒரு மயக்கம் அது. அவரிடம் பேசியவர்கள் ‘ஜெயிக்க ஆடவில்லை, ஆடிக்கொண்டே இருக்கத்தான் ஆடுகிறோம்’ என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார்கள்.

இந்த மயக்கம் தானாக வருவதில்லை, அதற்கென்று கட்டப்பட்ட வசதிகள் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சான்பிரான்சிஸ்கோ மெக்கானிக் சார்லஸ் ஃபே செய்த ‘லிபர்டி பெல்’ இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். பையில் கைவிட்டுக் காசு எடுக்க வேண்டும், போட வேண்டும், பக்கத்துக் கைப்பிடியை இழுக்க வேண்டும், மூன்று உருளைகள் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். ஜெயித்தால் தட்டில் விழும் காசைப் பொறுக்க வேண்டும். ஒரு ஆட்டத்துக்குள் நாலைந்து இடத்தில் கை நிற்கும். கை நின்றால் புத்தி எட்டிப் பார்க்கும். பிறகு வந்தவர்கள் அந்த நிறுத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கைப்பிடிக்குப் பதில் பட்டன் வந்தது. நாணயத்துக்குப் பதில் நோட்டு வாங்கும் வாய், அதன்பின் கிரெடிட் எண். ஜெயித்த பணம் தட்டில் விழாமல் நேராகக் கிரெடிட்டில் ஏறிக்கொள்கிறது. போனில் பட்டனும் வேண்டாம். ‘ஆட்டோ’ என்று ஒருமுறை தொட்டால் அதுவே சுற்றிக்கொள்ளும். முழுத்திரையில் ஆட்டம் ஓடும்போது மேலே கடிகாரமும் மறைந்துவிடும்.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் கியரைக் குறைத்தே தீர வேண்டும், குறைக்கும்போது எவ்வளவு தூரம் ஏறிவிட்டோம் என்று தெரிகிறது. வளைவே இல்லாமல் கீழ்நோக்கிப் போகும் ஒரு சாலையைக் கற்பனை செய்தால் உங்கள் வீட்டுக்காரர் கையில் இருப்பது என்னவென்று புரியும்.

பட்டறையிலும் அவர் இப்படித்தான் மெய்மறந்து வேலை செய்வார் என்று நீங்கள் நினைக்கலாம். அங்கே ஒரு ஜோடி முடிந்தால் கையை விட்டு இறங்கிவிடும், அடுத்ததை எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு நொடி கிடைக்கும். இங்கே ‘முடிந்தது’ என்கிற ஒன்று வைக்கப்படவே இல்லை.

செய்ய வேண்டியது: ஆட்டத்தின் நடுவில் பேசாதீர்கள். மயக்கம் பாதியில் அறுபடும்போது எரிச்சல்தான் வரும், சண்டைதான் மிஞ்சும். காலையில், சாப்பாட்டுக்கு முன், பத்து நிமிடம் பேசுங்கள். எவ்வளவு போச்சு என்று ஆரம்பிக்காமல், பட்டறையில் வேலை குறைந்திருக்கிறதா, யாராவது கடனுக்கு நெருக்குகிறார்களா என்று ஆரம்பியுங்கள். எதையோ மறக்கப் போனை எடுப்பவர்களே இதில் அதிகம் மூழ்குகிறார்கள். அடுத்து, எடுத்துப்போட்ட நிறுத்தங்களை நீங்கள் திரும்ப வையுங்கள். போன் சார்ஜர் படுக்கையறையில் வேண்டாம், கூடத்தில் இருக்கட்டும். போனுக்குள் அலாரம் வைத்தால் கட்டைவிரலால் தள்ளிவிடுவார். பத்து மணிக்கு அடிக்கும் டைம்பீஸ் ஒன்றை எழுந்து போய் நிறுத்த வேண்டிய தூரத்தில் வையுங்கள். எழுந்து நாலடி நடந்தாலே பாதி மயக்கம் தெளியும்.

மூணு பழத்தில் ரெண்டு சரியாக வந்து, மூணாவது ஒரு கட்டம் தள்ளி நின்றுவிடுகிறது. அடிக்கடி இப்படி நடக்கிறது. ஜாக்பாட் நெருங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்?
— வாசகர், அம்மாபேட்டை

இல்லை. நெருங்கியது போலத் தெரிய வேண்டும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். எப்படி என்று பார்த்துவிடலாம்.

பழைய உருளையில் சுமார் 22 நிறுத்தங்கள், அதாவது படம் வந்து நிற்கும் இடங்கள். மூன்று உருளைக்கும் சேர்த்து 22 × 22 × 22 = 10,648 சேர்க்கைகள். உருளைக்கு ஒரே ஒரு ஜாக்பாட் படம் என்றால் 10,648-க்கு ஒரு முறை விழும். இதைவிடப் பெரிய பரிசை அறிவிக்க இயந்திரக்காரர்களால் முடியவில்லை, கட்டுப்படி ஆகாது. உருளையைப் பெரிதாக்கினால் ஆடுகிறவனுக்குக் கண்ணிலேயே சந்தேகம் வந்துவிடும். 1984-இல் டெல்நாஸ் என்பவருக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. கண்ணுக்குத் தெரியும் உருளையில் அதே 22 நிறுத்தம் இருக்கட்டும், முடிவை உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரின் எண் எடுக்கட்டும் என்பது அவர் யோசனை. அந்த எண்பட்டியலில் 22 இடம்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 64 வைக்கலாம். இப்போது 64 × 64 × 64 = 2,62,144. ஜாக்பாட் படத்துக்கு 64-இல் ஒரே ஒரு எண்ணைக் கொடுத்தால் வாய்ப்பு இரண்டரை லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். கண்ணுக்குத் தெரியும் உருளை பழைய சைஸ்தான்.

மிச்ச எண்களை எங்கே பங்கிடுவது என்பதில்தான் சூட்சுமம். ஜாக்பாட் படத்துக்கு நேர் மேலே ஒரு வெற்றிடம், நேர் கீழே ஒரு வெற்றிடம். இந்த இரண்டுக்கும் ஆளுக்கு ஐந்து எண் கொடுத்துவிடுகிறார்கள் என்று வையுங்கள். படம் கோட்டில் நிற்க ஒரு எண், கோட்டுக்கு ஒரு கட்டம் மேலேயோ கீழேயோ நிற்கப் பத்து எண். நேர்மையான உருளையில் ‘தவறிப்போன’ காட்சி ஜாக்பாட் படத்தைப்போல இரண்டு மடங்குதான் வரும். இங்கே பத்து மடங்கு வருகிறது.

நம்ப முடியாவிட்டால் வீட்டில் செய்து பாருங்கள். 64 துண்டுச் சீட்டு. ஒன்றில் ‘பழம்’, ஐந்தில் ‘மேலே’, ஐந்தில் ‘கீழே’ என்று எழுதுங்கள். மிச்சம் 53 வெறும் சீட்டு. டப்பாவில் குலுக்கி ஒன்று எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுவிடுங்கள். நூறு தடவை எடுத்தால் சராசரியாக ஒன்று அல்லது இரண்டு முறை பழம் வரும், பதினைந்து முறைக்கு மேல் ‘கிட்ட’ வரும். ஒவ்வொரு ‘கிட்ட’வுக்கும் கை தானாக அடுத்த சீட்டுக்குப் போவதை நீங்களே கவனிக்கலாம்.

2009-இல் ஆராய்ச்சியாளர் லூக் கிளார்க்கும் உடன் ஆராய்ந்தவர்களும் ஆடுகிறவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நூலிழையில் தவறும்போது, ஜெயித்தால் தூண்டப்படும் அதே பகுதிகள் தூண்டப்பட்டன. ஆடியவர்கள் அது பிடிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள், ஆனால் தொடர்ந்து ஆடும் ஆசை கூடியது. அதிலும் படத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்திருந்தால்தான் கூடியது. கேரம்போர்டில் காய் ஓட்டை விளிம்பில் நின்றால் ‘கை பழகுது’ என்று நினைப்பது நியாயம், அது உண்மையிலேயே பழக்கத்தின் அடையாளம். அந்த நியாயமான புத்தியைத்தான் இயந்திரம் கடன் வாங்கிக்கொள்கிறது. 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரி தடையாகும்வரை ‘கடைசி நம்பர் மட்டும் போச்சு’ என்று டீக்கடை தோறும் கேட்டது நினைவிருக்கும். லாட்டரிச் சீட்டில் அந்தக் கடைசி நம்பரை யாரும் திட்டமிட்டுத் தவறவிடவில்லை, இங்கே திட்டமிடுகிறார்கள்.

1980-களின் கடைசியில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இது பஞ்சாயத்துக்கே வந்தது. தோல்வி என்று முடிவான பிறகு, அதைக் காட்டும் படத்தை மட்டும் ‘தவறிப்போனது’ மாதிரி மாற்றிக் காட்டிய இயந்திரங்களை அங்கே அனுமதிக்கவில்லை. எண்ணைப் பங்கிடும் மேலே சொன்ன முறை தப்பித்துக்கொண்டது. சட்டம் பார்த்த இடம் அவ்வளவுதான்.

உங்கள் போனில் இருப்பதை எந்த மாநிலமும் பார்ப்பதில்லை. அதில் உருளையே கிடையாது, உருளையின் படம்தான்.

ஸ்டாப் பட்டனைச் சரியான நேரத்தில் அழுத்தினால் பழத்தை நிறுத்திவிடலாம் என்று நண்பன் சொல்கிறான். பழகினால் வருமா?
— கல்லூரி மாணவர், ஓமலூர்

வராது. சுற்றத் தொட்ட அந்த நொடியிலேயே எண் எடுக்கப்பட்டுவிட்டது. அதற்கப்புறம் நடப்பது முடிவை மெதுவாகக் காட்டும் சினிமா. ஸ்டாப் அழுத்தினால் சினிமா சீக்கிரம் முடியும், அடுத்த சுற்றுக்குச் சீக்கிரம் காசு போகும். ஆடுகிறவனுக்குத் தன் கை இருக்கிறது என்ற எண்ணம், ஆட்டுவிக்கிறவனுக்கு மணிக்குக் கூடுதல் சுற்று. பிரிட்டனில் ஆன்லைன் ஸ்லாட்டில் இந்தப் பட்டனை 2021-இலேயே எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

‘தன் கை’ எவ்வளவு பலமான எண்ணம் என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1975-இல் உளவியலாளர் எலன் லாங்கர் வெளியிட்ட சோதனையில், ஒரு டாலர் லாட்டரிச் சீட்டுகளைச் சிலருக்கு விற்பவரே எடுத்துக் கொடுத்தார், மற்றவர்களைத் தாங்களே எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு திரும்ப விற்கிறீர்களா என்று கேட்டபோது, கொடுத்ததை வாங்கியவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள். தானே எடுத்தவர்கள் கேட்டது 8.67 டாலர். சீட்டு ஒன்றேதான். நண்பனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கோபித்துக்கொண்டால் நாங்கள் பொறுப்பல்ல.

‘நூறு ரூபாய்க்கு 96 ரூபாய் திரும்பும்’ என்று ஆட்டத்தின் விதிகளில் போட்டிருக்கிறது. நாலு ரூபாய் நஷ்டம் பெரிதா? சினிமாவுக்குப் போனால் இதைவிட அதிகம் ஆகிறதே!
— கடைக்காரர், கொண்டலாம்பட்டி

கடை வைத்திருக்கிறீர்கள், ஆகவே கணக்காகவே பேசுவோம். 96 என்பது கொண்டுபோன பணத்துக்கான கணக்கு இல்லை. பந்தயத்தில் வைத்த பணத்துக்கான கணக்கு. செவ்வாய்பேட்டை வெல்ல மண்டியில் ஒரே வெல்லத்தை விற்று, வாங்கி, திரும்ப விற்று, ஒவ்வொரு கை மாறும்போதும் நூற்றுக்கு நாலு கமிஷன் பிடித்தால் என்ன ஆகும்? 17 முறை கை மாறினால் பாதி வெல்லம் கமிஷனிலேயே போயிருக்கும். 0.96-ஐ 17 தடவை பெருக்கிப் பாருங்கள், 0.5 வரும்.

ஆட்டத்தில் வையுங்கள். கையில் 500 ரூபாய், சுற்றுக்கு 10 ரூபாய். ஆறு விநாடிக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு 600 சுற்று, பந்தயம் 6,000 ரூபாய், அதில் நாலு சதவீதம் 240. ‘ஆட்டோ’வில் போட்டு இரண்டு விநாடிக்கு ஒன்றாக்கினால் 1,800 சுற்று, 18,000 ரூபாய் பந்தயம், நஷ்டம் 720. கொண்டுபோன 500-ஐவிட அதிகம், அதாவது மணி முடியும் முன்பே பெரும்பாலும் கை காலி. சதவீதம் மாறவில்லை, வேகம்தான் மாறியது. ஆகவே ஒரு ஆட்டத்தை எடைபோட மூன்று எண் வேண்டும்: சுற்றுக்கு எவ்வளவு, மணிக்கு எத்தனை சுற்று, நூற்றுக்கு எவ்வளவு பிடித்தம். மூன்றையும் பெருக்கினால் அதன் மணிக்கூலி வந்துவிடும். சினிமாவுக்கு அந்தக் கூலி வாசலிலேயே எழுதியிருக்கிறது.

இன்னொன்று. அந்த 96-க்குள் பெரிய ஜாக்பாட்டும் அடக்கம். அது யாரோ ஒருவருக்கு எப்போதோ விழும். விழாதவர்களுக்கு நடைமுறையில் திரும்புவது 96-ஐவிடக் குறைவு. இதெல்லாம் அந்த 96 உண்மை என்று எடுத்துக்கொண்டு சொன்னது. தடைசெய்யப்பட்ட ஆப்பில் எழுதியிருக்கும் எண்ணுக்கு யார் முத்திரை போட்டார்கள்?

நேற்று ஒரு மணி நேரத்தில் நாற்பது, ஐம்பது தடவை ‘ஜெயிச்சேன்’. ஒவ்வொரு தடவையும் இசை, விளக்கு, தங்கக்காசு மழை. கடைசியில் பார்த்தால் 600 ரூபாய் குறைகிறது. ஏமாற்றுகிறார்களா?
— வாசகர், அஸ்தம்பட்டி

எண்ணில் ஏமாற்றவில்லை, இசையில் ஏமாற்றினார்கள். உங்கள் ஆட்டத்தில் எத்தனை ‘கோடு’, அதாவது ஒரே படம் நின்றால் பரிசு தரும் வரிசை, என்று பாருங்கள். இருபது கோடு, கோட்டுக்கு ஒரு ரூபாய் என்றால் ஒரு தொடலுக்கு 20 ரூபாய் போகிறது. அதில் ஒரு கோட்டில் 8 ரூபாய் விழுந்தால் காசுமழை பொழியும். நிகரம் என்ன? 12 ரூபாய் நஷ்டம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மைக் டிக்ஸன், கெவின் ஹாரிகன் குழுவினர் 2010-இல் இதை ‘வெற்றி வேடமிட்ட தோல்வி’ என்று பிரித்துக் காட்டினார்கள். ஆடுகிறவர்களின் விரலில் வியர்வையை அளந்தபோது, இந்த வேடத் தோல்விக்கு உடம்பு வெற்றிக்குக் காட்டும் பரபரப்பையே காட்டியது. கோடுகள் கூடக் கூட, முழுத் தோல்வி என்று அமைதியாக நிற்கும் சுற்றுகள் குறைந்துபோகும். அமைதி குறைந்தால் எழுந்திருக்கத் தோன்றும் இடமும் குறையும்.

சோதிக்க வேண்டுமானால் இனி ஆடிப் பார்க்க வேண்டாம், ஒலியை அணைத்துவிட்டு ஆட்டத்தின் ‘ஹிஸ்டரி’ பக்கத்தைத் திறங்கள். நேற்றைய சுற்றுகளில் 30-ஐ நோட்டில் இரண்டு பத்தியாக எழுதுங்கள்: போனது, வந்தது. வந்தது போனதைவிட அதிகமாக இருக்கும் வரிகளை மட்டும் சிவப்பில் வட்டமிடுங்கள். உங்கள் நாற்பது, ஐம்பதில் எத்தனை மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பக்கமே இல்லாத ஆப் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

சேலத்துக்கு வரும்போதெல்லாம் மாலில் பொம்மையைக் கவ்வும் மெஷினில் என் ஒன்பது வயசுப் பையன் நானூறு, ஐந்நூறு தொலைக்கிறான். இதுவும் அந்த ரகமா?
— வாசகி, ஏற்காடு

ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். அந்த மெஷின்கள் பலவற்றில் கவ்வும் நகத்தின் பிடி ஒரு மின்காந்தச் சுருளால் வருகிறது. அதற்கு எவ்வளவு மின்னழுத்தம் போக வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் அமைப்பில் மாற்றலாம். பலமான பிடி, தளர்ந்த பிடி என்று இரண்டு அளவு வைத்து, இத்தனை ஆட்டத்துக்கு ஒரு முறை பலமான பிடி என்று எண்ணும் கொடுக்கலாம். ஆட்டம் 50 ரூபாய், பொம்மை அடக்கம் 200, ஒரு பொம்மைக்கு 750 வசூல் வேண்டும் என்று ஒருவர் கணக்குப் போட்டால் 15-க்கு ஒரு பலம். மற்ற 14-இல் எத்தனை சாமர்த்தியமாக வைத்தாலும் நகம் தொடும், தூக்கும், உச்சிக்குப் போய்க் குலுங்கும்போது விட்டுவிடும். பையன் கண்ணுக்கு ‘அம்மா, கிட்ட வந்துடுச்சு!’ அம்மாபேட்டை வாசகரின் பழம் இங்கே பொம்மையாக வந்திருக்கிறது.

காசு போடும் முன் ஓரமாக நின்று மற்றவர்கள் ஆடும் பத்து ஆட்டம் பாருங்கள். பொம்மை சறுக்கி விழுந்தால் இடம் பார்த்து வைக்காத குற்றம். சரியாகக் கவ்வி, மேலே போனதும் நகம் தானாக விரிந்தால் அமைப்பின் குற்றம். ஆடிப் பண்டிகைப் பொருட்காட்சியில் வளையம் வீசும் கடையிலும் ஏமாற்று இருக்கும்: வளையம் கட்டையைவிட ஒரு நூல்தான் பெரிதாக இருக்கும். ஆனால் அதை எடுத்து அளந்து பார்க்கலாம், மின்னழுத்தத்தை எப்படி அளப்பது?

பையனுக்கு ஒரு வழி: ரீசார்ஜ் கார்டு கொடுக்காதீர்கள். கார்டில் காசு குறைவது தெரியாது, மிச்சம் இருக்கும் 30 ரூபாயைத் தீர்க்க 100 ரூபாய் ஏற்றவும் சொல்வார்கள். கார்டுதான் கட்டாயம் என்றால், மூன்று ஆட்டத்துக்கான பணத்தை அவன் கையிலேயே நோட்டாகக் கொடுத்து, அவனே கவுண்டரில் கட்டி ஏற்றட்டும். நோட்டு தீரும்போது குழந்தைகளுக்கு நன்றாகவே தெரியும்.

அப்பாவுக்கு 64 வயது. வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொட்டதில்லை. நடுக்குவாதத்துக்கு மாத்திரை ஆரம்பித்து எட்டு மாதம். இப்போது ராத்திரி முழுக்க இந்த ஆட்டம். ஊரே சிரிக்கிறது.
— வாசகர், ஆத்தூர்

சிரிப்பதற்கு முன் மாத்திரை அட்டையைப் பாருங்கள். பிராமிபெக்சோல், ரோபினிரோல் என்ற பெயர்களில் ஒன்று இருக்கிறதா? மூளையில் டோபமைன் செய்யும் வேலையைச் செய்யும் இந்த மருந்துகள் சிலருக்குச் சூதாட்டம், கணக்கில்லாமல் பொருள் வாங்குவது, ஓயாமல் தின்பது, காம இச்சை கூடுவது ஆகியவற்றைக் கிளப்பிவிடும். மருத்துவ உலகம் நன்றாக அறிந்த பக்கவிளைவு இது. கால் குடைச்சலுக்குத் தூக்கத்துக்கு முன் கொடுக்கும்போதும் வரலாம். மனநோய்க்குத் தரும் அரிபிப்ரசோலுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் இதே எச்சரிக்கையைக் கொடுத்திருக்கிறது.

நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடல் விறைப்பு, பதற்றம், மனச்சோர்வு வரலாம். ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு நரம்பியல் டாக்டரிடம் போங்கள்: மாத்திரை ஆரம்பித்த தேதி, அளவு கூட்டிய தேதி, ஆட்டம் ஆரம்பித்த மாதம். அப்பா வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ பார்ப்பார்கள். குறைத்த பிறகு பலருக்கு இந்த ஆசை அடங்கிவிடுகிறது. அதுவரை பென்ஷன் கணக்கின் யுபிஐ உங்கள் பொறுப்பில் இருக்கட்டும்.

ஆப்பில் 18,000 ரூபாய் ஜெயித்தேன். எடுக்கப் போனால் முதலில் 5,400 ரூபாய் வரி கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
— வாசகர், மேட்டூர்

கட்டாதீர்கள். ஆன்லைன் ஆட்ட வருமானத்துக்கு 30 சதவீத வரி என்பது உண்மை, அதனால்தான் அந்த 5,400 நம்பும்படி இருக்கிறது. ஆனால் அந்த வரியைக் கொடுக்கிறவர் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார், உங்களிடமிருந்து அனுப்பச் சொல்ல மாட்டார். 5,400 போனால் அடுத்து ‘கணக்கு சரிபார்ப்புக் கட்டணம்’ வரும். ஸ்கிரீன்ஷாட்டுகளையும் ஒவ்வொரு பணப் பரிமாற்றத்தின் 12 இலக்க யுடிஆர் எண்ணையும் எடுத்துவைத்துக்கொண்டு, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். ஆப்பை வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ வந்த இணைப்பிலிருந்து இறக்கியிருந்தால் நீக்கிவிட்டு, வங்கிப் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியை வாங்கி வைத்திருக்கும்.

சட்டம் பற்றி: தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்கிறது, ஆடுகிறவருக்கும் அதில் தண்டனை உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் அவற்றுக்கான பணப் பரிமாற்றத்தையும் நாடு முழுக்கத் தடை செய்தது. நடத்துகிறவர்மேல்தான் அதன் பிடி. புகார் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் முதலில் சேலம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை கேளுங்கள். இதற்கு நடுவில் ஒரு முக்கியமான எச்சரிக்கை: ‘உங்கள் கணக்கில் பணம் போடுகிறோம், கமிஷன் எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்புங்கள்’ என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள். வேறொருவரிடம் பறித்த பணம் உங்கள் கணக்கு வழியாகப் போய், கணக்கே முடக்கப்படும்.

வெளிநாடுகளில் ஆட்டத்தின் வடிவத்தை மாற்றிப் பார்த்திருக்கிறார்களா?
— ஆசிரியர், சூரமங்கலம்

பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2021 அக்டோபர் 31 முதல் ஆன்லைன் ஸ்லாட்டில் சுற்றுக்குச் சுற்று குறைந்தது 2.5 விநாடி இடைவெளி வேண்டும். ‘ஆட்டோ’ கூடாது. போட்டதைவிட அதிகமாகத் திரும்பாத சுற்றுக்கு வெற்றி இசை கூடாது. 2025-இல் சுற்றுக்கு உச்சவரம்பும் வந்தது: 25 வயது முதல் 5 பவுண்டு, 18 முதல் 24 வரை 2 பவுண்டு. நார்வே இன்னும் கறாராகப் போனது. 2006-இல் நோட்டு வாங்கும் வாயை அடைத்தார்கள். 2007 ஜூலையில் எல்லா இயந்திரத்தையும் தெருவிலிருந்து எடுத்தார்கள். பிறகு அரசு நிறுவனமே கொண்டுவந்த இயந்திரங்களில் ஆளுக்கொரு கார்டு, இழப்புக்கு வரம்பு, இடையில் கட்டாய இடைவேளை. இந்தப் பட்டியலைத் தலைகீழாகப் படித்தால் ஆட்டத்தில் எந்தெந்த உறுப்பு வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

நானே ஆடுகிறவன். வாடகை வண்டி ஓட்டுகிறேன். நிறுத்த வேண்டும். முதல் வாரம் என்ன செய்வது?
— வாசகர், ஐந்து ரோடு

முதல் நாள் வங்கி ஆப்பில் மூன்று மாத ஸ்டேட்மெண்ட் இறக்கி, ஆட்டத்துக்குப் போன வரிகளைக் கூட்டுங்கள். பெறுநர் பெயர் தடவைக்குத் தடவை மாறியிருக்கும். தெரியாத தனிநபர் பெயர்கள் பெரும்பாலும் அவைதான். மனசு சொல்லும் தொகைக்கும் இந்தத் தொகைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும், பயப்படாதீர்கள். அதே நாளில் யுபிஐயின் தினசரி வரம்பை டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் போதுமான அளவுக்கு இறக்குங்கள். ஆட்டோபே ஒப்புதல்களை ரத்து செய்யுங்கள். பின் நம்பர் கேட்காத யுபிஐ லைட் வாலட்டைக் காலி செய்யுங்கள். பின் போடும் அந்த நாலு விநாடிகூட ஒரு நிறுத்தம்தான். சவாரிப் பணம் விழும் கணக்கை வீட்டில் நம்பிக்கையானவர் பெயரோடு இணைத்து, நாள் செலவுக்கு ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரம்தான் உங்களுக்கு ஆபத்து. ஆசை அலை மாதிரி ஏறி, ஆடாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் இறங்கும். ஏறும்போது வண்டியை விட்டு இறங்கி நடங்கள், போன் வண்டியிலேயே இருக்கட்டும். எட்டாம் நாளும் பிடி தளரவில்லை என்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நேரிலும் பார்க்கலாம். இது வியாதிப் பட்டியலில் இருக்கும் பிரச்சினை, பேச்சு சிகிச்சையும் உண்டு, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு.

மச்சான் இதில் இரண்டு லட்சம் கடன். தங்கச்சி அழுகிறாள். மொத்தமாக அடைத்துவிடட்டுமா?
— வாசகர், குகை

அவர் கையில் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கோபத்தில் சொல்லவில்லை, கடன் தீர்ந்த அன்றைக்கு ‘விட்டதைப் பிடிக்கலாம்’ என்ற எண்ணம் புதிதாக ஊறும். முதலில் மச்சானையே யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை கேட்டால் பட்டியல் நீளும். ஆகவே ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதச் சொல்லுங்கள். கந்துவட்டியை முதலில் தீர்க்க வேண்டும், அதையும் கொடுத்தவரிடம் நீங்களே நேராகக் கட்டி, எழுதிக் கொடுத்த பேப்பரைத் திரும்ப வாங்குங்கள். வங்கிக் கடனுக்குத் தவணை மாற்றிக் கேட்கலாம், அதற்கு அவசரமில்லை. தங்கச்சி நகை அடகில் இருந்தால் அடகுச் சீட்டை இப்போதே அவளிடம் வாங்கி வையுங்கள். மீட்கும் நாளில் கூட நீங்களும் போங்கள். மீட்ட நகை மச்சான் வீட்டு பீரோவுக்கு வேண்டாம், தங்கச்சி பெயரில் லாக்கருக்குப் போகட்டும், சாவி அவளிடம்.